ஒளித்துவைத்த பிஸ்கட்... ஆறு தோழிகள்... எடைக்குறைப்பு மீட்டிங்குகள் பிறந்த கதை!

1961-ம் ஆண்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட். சாமான் வாங்க வந்திருந்த 37 வயது ஜீன் நிடெட்ச்சைப் பார்த்ததும், தெரிந்த பெண் ஒருவர் நின்றார். "ஜீன், பார்க்கவே எவ்வளவு அழகா இருக்கே!" என்றார். ஜீனுக்கு ஏக சந்தோஷம். கூடவே அடுத்த கேள்வியும் வந்தது.

"டெலிவரி எப்போ?"

ஜீன் கர்ப்பமாக இல்லை.

பதில் சொல்ல வாய் வராமல் வீடு திரும்பிய அவர், கண்ணாடி முன்னால் போய் நின்றார். உயரம் 5 அடி 7 அங்குலம். எடை 97 கிலோ. கணவர் மார்ட்டி பஸ் டிரைவர், அவரும் நல்ல பருமன். இரண்டு மகன்கள். மாத்திரை, பட்டினி, பத்திரிகையில் வந்த டயட் என்று அதுவரை ஜீன் முயற்சி செய்யாதது எதுவும் பாக்கியில்லை. கொஞ்சம் குறையும். பிறகு குறைந்ததற்கும் சேர்த்து ஏறும்.

நம் ஊர் கல்யாண வீட்டில் "என்ன... கொஞ்சம் பூசினாப்புல இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார்களே, அந்த ஒரு வரி எத்தனை நாள் மனதில் கிடந்து அரிக்கும் என்பது கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஜீனுக்கும் அரித்தது. ஆனால், அந்த அரிப்பிலிருந்து அவர் தொடங்கியதுதான் பின்னாளில் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. வாரம் ஒரு மீட்டிங், ஒரு எடை மெஷின், சாப்பிட்டதை எழுதிவைக்க ஒரு நோட்டு. இன்று மொபைலில் இருக்கும் டயட் ஆப்கள் பலவற்றிலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கின்றன.

டயட் இலவசம்தான்... ஆனால்?

ஜீன் முதலில் போனது, நியூயார்க் நகர சுகாதாரத்துறை நடத்திய உடல் பருமன் கிளினிக்குக்கு. அங்கே கொடுத்த உணவுத்திட்டம், டாக்டர் நார்மன் ஜோலிஃப் என்பவர் இதய நோயைத் தடுப்பதற்காக உருவாக்கிய முறையை ஒட்டியது. வாரத்தில் ஐந்து முறை மீன், ஒரு முறை ஈரல், அளவான ரொட்டி, ஆடை நீக்கிய பால், நிறைய காய்கறி, பழம். இனிப்பு கிடையாது. எந்த வேளையையும் தவிர்க்கவும் கூடாது.

நல்ல திட்டம்தான். பத்து வாரத்தில் ஜீனுக்கு 9 கிலோ குறைந்தது. ஆனால், அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது.

மார்ஷ்மெல்லோவுக்கு மேல் சாக்லேட் பூசிய 'மேலோமார்ஸ்' என்ற பிஸ்கட் என்றால் ஜீனுக்கு உயிர். பாக்கெட்டை வாங்கி, குளியலறையில் அழுக்குத்துணி போடும் கூடைக்குள் ஒளித்து வைப்பார். யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துச் சாப்பிடுவார். அந்த வாரம் எடை சரியாகக் குறையாவிட்டால் கிளினிக்கில் கேட்பார்கள். உண்மையைச் சொல்ல முடியவில்லை. காரணம், கேள்வி கேட்டவர் ஒல்லியான பெண். நள்ளிரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்பது என்றால் என்னவென்று இவருக்கு எங்கே புரியப்போகிறது என்று ஜீனுக்குத் தோன்றியது.

அப்போது அவர் செய்த காரியம் சின்னது. குண்டாக இருந்த தோழிகள் ஆறு பேரை போன் போட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். உட்காரவைத்து, கூடைக்குள் இருக்கும் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. 'அய்யோ, நீயுமா?' என்பதுதான் எதிரொலி. ஒவ்வொருத்தரிடமும் இதே மாதிரி ஒரு ஒளிவிடம் இருந்தது. அடுத்த வாரமும் கூடலாம் என்று முடிவானது. கிளினிக்கில் கொடுத்த உணவுத்திட்டத்தையே பிரதி எடுத்து எல்லோரும் பின்பற்றினார்கள். இரண்டே மாதத்தில் அந்த வரவேற்பறையில் 40 பேர் கூடினார்கள்.

கிளினிக்கிலும் ஜீன் வீட்டிலும் கொடுக்கப்பட்டது ஒரே காகிதம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு வரிகூட மாறவில்லை. கேட்பவர்கள்தான் மாறினார்கள். 1962 அக்டோபரில் ஜீன் தன் இலக்கான 64 கிலோவைத் தொட்டார். குறைந்தது மொத்தம் 33 கிலோ. அதன்பிறகு பழைய எடைக்கு அவர் திரும்பவே இல்லை. 2015-ல், 91 வயதில் காலமானார்.

சினிமா டிக்கெட் விலையில் மீட்டிங்

ஊர் ஊராக வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்த ஜீனை, 'இதை ஒரு நிறுவனமாக நடத்தலாமே' என்று யோசிக்கவைத்தவர்கள் ஆல் லிப்பர்ட், ஃபெலிஸ் லிப்பர்ட் தம்பதி. இவர்களும் ஜீனின் பேச்சைக் கேட்டு எடை குறைத்தவர்கள்தான். 1963 மே மாதம் நிறுவனம் பதிவானது. லிட்டில் நெக் என்ற இடத்தில், ஒரு சினிமா தியேட்டருக்கு மேல் இருந்த அறையில் முதல் பொது மீட்டிங். கட்டணம் 2 டாலர். கீழே ஓடிய சினிமாவுக்கு என்ன டிக்கெட்டோ அதே விலை! 50 நாற்காலிதான் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 400 பேர். பகுதி பகுதியாக உள்ளே அழைத்துப் பேச வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகான வளர்ச்சி அசுர வளர்ச்சி. 1968-ல் பங்குச்சந்தையில் நுழைந்தது. 1978-ல் கெட்சப்புக்குப் பேர்போன ஹெயின்ஸ் நிறுவனம் சுமார் 7 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. எடை குறைக்கும் கம்பெனியை சாஸ் கம்பெனி வாங்கியது ஒரு வேடிக்கைதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து எடை குறைப்பது ஜீனின் கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு முன்பே, 1948-ல், மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண் 'டாப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார். அது லாபநோக்கம் இல்லாதது, இன்றைக்கும் இயங்குகிறது. இங்கிலாந்தில் 1969-ல் மார்கரெட் மைல்ஸ்-பிராம்வெல் தொடங்கிய 'ஸ்லிம்மிங் வேர்ல்டு' இன்னொரு பிரபல குழு. ஆனால், 'மீட்டிங் போனியா?' என்று அமெரிக்கப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இதை அன்றாடப் பேச்சாக மாற்றியவர் ஜீன்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல்முறை போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், 'எல்லார் முன்னாடியும் என் எடையைக் கத்திச் சொல்லிடுவாங்களோ?' என்பதுதான். வெயிட் வாட்சர்ஸ் முறையில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாசலை ஒட்டி ஒரு மறைவில் எடை மெஷின் இருக்கும். ஒருவர் பார்த்து, சின்னப் புத்தகத்தில் எழுதித் தருவார். அந்த எண் உறுப்பினருக்கும் எழுதியவருக்கும் மட்டும்தான் தெரியும். 'இந்த வாரம் ஒரு கிலோ குறைஞ்சுது' என்று தானாக முன்வந்து சொன்னால் கைதட்டு உண்டு. ஏறிவிட்டது என்று சொன்னால், 'எனக்கும் போன மாசம் இப்படித்தான்' என்று இன்னொருவர் ஆரம்பிப்பார்.

மீட்டிங்கை நடத்துபவர் டாக்டரோ டயட்டீஷியனோ அல்ல. அதே திட்டத்தில் சேர்ந்து, எடை குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டவர்தான் நடத்துவார். ஒல்லியான கிளினிக் பெண்ணிடம் வாய் திறக்க முடியாமல் தவித்த ஜீன் வகுத்த வழி அது. இலக்கைத் தொட்டு, அதிலிருந்து 2 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 900 கிராமுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்பவர்கள் 'லைஃப்டைம் மெம்பர்'. அவர்களுக்கு மீட்டிங் இலவசம். சிறிய வெற்றிகளுக்கு ஸ்டிக்கர், 10 சதவிகிதம் குறைத்தால் சாவி வளையம் என்று பரிசுகள் இருந்த காலமும் உண்டு. எல்.கே.ஜி குழந்தைக்குக் கையில் ஸ்டார் வரைந்து அனுப்புவதைப் போல இருக்கிறதே என்று சிரிப்பு வரலாம். ஆனால், அந்த சாவி வளையத்தை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் உண்டு.

மீட்டிங் வாரத்தில் அரை மணியோ ஒரு மணியோதான். மிச்சம் இருக்கும் நேரத்துக்குத்தான் நோட்டு.

எழுதினால் குறையுமா?

குறைகிறது. அமெரிக்காவின் கைசர் பெர்மனென்ட்டே அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட 1,700 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அறிவுரை, ஒரே மாதிரி வாராந்தரக் குழு மீட்டிங். ஆறு மாத முடிவில், தினமும் சாப்பாட்டை எழுதிவந்தவர்களுக்கு, எழுதவே எழுதாதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைந்திருந்தது. டைரி இத்தனை அழகாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. துண்டுக் காகிதத்தில் கிறுக்கினாலும் சரி, மொபைலில் தட்டினாலும் சரி.

ஆனால், நோட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் நாமே பொய் எழுதிவிடுவோம். தெரிந்து அல்ல... தெரியாமலே!

1992-ல் வெளியான ஒரு ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 'நான் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடறேன், ஆனாலும் இறங்கவே மாட்டேங்குது' என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைச் சாப்பிட்டதை எழுதவைத்தார்கள். அதேநேரம், உடல் உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதையும் துல்லியமாக அளந்தார்கள். எழுதியது சராசரியாக நாளுக்குச் சுமார் 1,000 கலோரி. உண்மையில் சாப்பிட்டது 2,000-க்கும் மேல்! உடற்பயிற்சிக் கணக்கை மட்டும் தாராளமாகக் கூட்டி எழுதியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் வளர்சிதை மாற்றத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

அந்தப் பத்துப் பேரைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் வீட்டு அடுக்களையில் நின்று யோசித்தால் புரிந்துவிடும். இரண்டு தோசை என்று எழுதுவோம். ஒவ்வொன்றையும் சுற்றி ஊற்றிய எண்ணெயை எழுத மாட்டோம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 45 கலோரி. தோசைக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால், இரண்டு தோசைக்கு 180. நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் 120. குழந்தை தட்டில் மிச்சம் வைத்த சப்பாத்தித் துண்டு, 'பாத்திரம் கழுவணுமே' என்று வழித்துப்போட்ட பாயசம், உப்பு சரியா என்று பார்த்த ஒரு கரண்டி, வடை பொரிக்கும்போது வாயில் போட்ட ஒன்று... நின்றுகொண்டு சாப்பிட்டது எதுவும் கணக்கில் வருவதே இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரிது.

கலோரி எண்ணுவது பலருக்கும் தலைவலி என்பதால்தான் வெயிட் வாட்சர்ஸ் 1997-ல் அமெரிக்காவில் பாயின்ட்ஸ் முறையைக் கொண்டுவந்தது. கலோரி, கொழுப்பு, நார்ச்சத்து மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு உணவுக்கும் ஓர் எண். நாளுக்கு இத்தனை பாயின்ட் என்று பட்ஜெட். சம்பளத்தைக் கணக்குப் போட்டுச் செலவு செய்வதைப் போல! பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஃபார்முலாவை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2017-ல் வந்த திட்டத்தில் முட்டை, மீன், தோல் நீக்கிய சிக்கன் நெஞ்சுக்கறி, பருப்பு, பயறு வகைகள் என 200-க்கும் மேற்பட்ட உணவுகளுக்குப் பூஜ்யம் பாயின்ட். அளவில்லாமல் சாப்பிடலாம் என்பதல்ல. வயிறு நிறையும்வரை இவற்றைச் சாப்பிட்டால் மற்றது தானாகக் குறையும் என்ற கணக்கு. ஆனால், சட்டியில் தாளித்த எண்ணெய்க்கு அங்கேயும் பாயின்ட் உண்டு!

எத்தனை கிலோ? எத்தனை நாள்?

விளம்பரத்தில் '30 கிலோ குறைந்தேன்' என்று சிரிப்பவர்களை வைத்து இதை எடைபோடக் கூடாது. சராசரியைப் பார்க்க வேண்டும். 2011-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இங்கிலாந்தைச் சேர்ந்த 772 பேரை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான டாக்டர் ஆலோசனை. இன்னொரு பாதிப் பேருக்கு வெயிட் வாட்சர்ஸ் மீட்டிங், இலவசமாக. ஓர் ஆண்டு முடிவில் முதல் குழுவுக்குச் சராசரியாக 2.25 கிலோ குறைந்தது. மீட்டிங் போனவர்களுக்கு 5.06 கிலோ. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே வெயிட் வாட்சர்ஸ்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2017-ல் இங்கிலாந்தில் 1,267 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். கையேடு மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு ஓர் ஆண்டில் 3.26 கிலோ. 12 வாரம் மீட்டிங் போனவர்களுக்கு 4.75 கிலோ. 52 வாரமும் போக வாய்ப்பு கிடைத்தவர்களுக்கு 6.76 கிலோ. இரண்டாவது ஆண்டு முடிவில் மூன்று குழுவுக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது. 52 வாரக் குழுவுக்கு மிஞ்சியது 4.29 கிலோ.

'இவ்வளவுதானா?' என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதத்தில் 10 கிலோ குறைக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. ஆனால், 75 கிலோ இருக்கும் ஒருவருக்கு 5 கிலோ என்பது உடல் எடையில் கிட்டத்தட்ட 7 சதவிகிதம். அந்த 7 சதவிகிதத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. 2002-ல் வெளியான அமெரிக்க சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் இருந்தார்கள். எல்லோருமே சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். 7 சதவிகித எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கோடு, சாப்பிட்டதை எழுதி வந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவிகிதம்தான் குறைந்தது.

சென்னையிலும் நடந்தது

அந்த அமெரிக்க ஆய்வின் பாடத்திட்டம் சென்னைக்கும் வந்தது. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'டி-கிளிப்' ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, எடை கூடிய 578 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை. இன்னொரு பாதிப் பேருக்கு, நம் சாப்பாட்டுக்கும் பழக்கவழக்கத்துக்கும் ஏற்ப மாற்றியமைத்த ஆறு மாத வாழ்க்கைமுறை வகுப்பு. அது போதாதவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. 2016-ல் முடிவுகள் வந்தன. மூன்று ஆண்டுகளில் வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 34.9 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வகுப்புக்குப் போனவர்களில் 25.7 சதவிகிதம்.

இதில் பெரும்பாலானவர்களுக்கு, 72 சதவிகிதம் பேருக்கு, மாத்திரையும் தேவைப்பட்டது. வகுப்பு மட்டுமே எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. பக்கத்தில் கேரளாவில், உள்ளூர்க்காரர்களையே குழுத் தலைவர்களாக்கி 1,007 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வில் சில நல்ல பழக்கங்கள் கூடின. ஆனால், சர்க்கரை நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தியர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே ஆரம்பிக்கிறது என்பது முக்கியம். மேலை நாடுகளில் பி.எம்.ஐ 25-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். நமக்கு அந்த எல்லைக்கோடுகள் 23, 25. அதாவது, 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருவர் 64 கிலோவைத் தொட்டாலே இந்தியக் கணக்கில் உடல் பருமன். அதே உயரமுள்ள அமெரிக்கர் 76 கிலோவைத் தாண்ட வேண்டும். கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிந்தும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு.

ஊசி வந்த பிறகு...

மீட்டிங் நடத்தும் கம்பெனிக்குச் சமீபத்தில் போதாத காலம். 2015-ல் 10 சதவிகிதப் பங்கு வாங்கி அதன் முகமாகவே இருந்த ஓப்ரா வின்ஃப்ரே, எடை குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்வதாக 2023 இறுதியில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அந்த மருந்துகளை எழுதிக்கொடுக்கும் ஆன்லைன் மருத்துவ நிறுவனம் ஒன்றை 2023-ல் வாங்கியது. என்றாலும், 2025 மே மாதம், 115 கோடி டாலர் கடனைக் கழிப்பதற்காக திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 'மன உறுதி இருந்தால் குறைக்கலாம்' என்று அறுபது ஆண்டாக விற்றுவந்தவர்கள் முன்னால் வாரம் ஒரு ஊசி வந்து நின்றால் என்ன செய்வார்கள்?

மவுன்ஜாரோ, வீகோவி ஊசிகள் 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாத மருந்துகள் இவை. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால், வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தை நிறுத்திய பிறகு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பிவிட்டதாக ஆய்வில் தெரியவந்தது. ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் என்ன சாப்பிடுகிறோம் என்ற கணக்கு தேவைப்படத்தான் செய்கிறது.

குழந்தைகள் கையில் வேண்டாம்

ஒரு விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். இந்த நிறுவனம் 2019-ல் 8 வயதுக் குழந்தைகளிலிருந்து பயன்படுத்தும்படி 'குர்போ' என்ற ஆப் விட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உணவுக்குக் கலர் கொடுத்துக் குழந்தைகளையே கணக்கு எழுதச் சொன்னது. சின்ன வயதிலேயே சாப்பாட்டின் மேல் குற்ற உணர்ச்சி வந்துவிடும் என்று பெற்றோரும் நிபுணர்களும் கொதித்தார்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் திரட்டியதாக அமெரிக்க அரசு அமைப்பு நடவடிக்கை எடுத்து, 2022-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டவைத்தது. குழந்தையின் எடை கவலை தந்தால், கூட்டிப்போக வேண்டிய இடம் குழந்தைகள் நல டாக்டர்.

பெரியவர்களிலும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சாப்பாட்டைப் பட்டினியாலோ வாந்தியாலோ கட்டுப்படுத்தும் மனப் பிரச்னை உள்ளவர்கள் இந்தக் கணக்குப் புத்தகத்தைத் தாங்களாகத் தொடக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டின் அளவைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால், சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும்.

ஆறு பேர் போதும்

இதற்காக அமெரிக்க கம்பெனிக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஜீன் ஆரம்பித்ததே ஆறு பேரோடுதான், காசு வாங்காமல்! அபார்ட்மென்ட் மொட்டை மாடியோ, வாக்கிங் போகும் பூங்காவோ, மகளிர் சுய உதவிக் குழு கூடும் திண்ணையோ போதும். வாட்ஸ்அப் குரூப்பும் சரிதான். ஆனால், அதில் 'குட் மார்னிங்' ஃபார்வேர்டு வர ஆரம்பித்தால் கதை முடிந்தது. வாரம் ஒருமுறை நேரில் உட்காருவது நல்லது.

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மெஷின். காலையில், சாப்பிடுவதற்கு முன். எண்ணை அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டால் போதும், சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம். மாதவிடாய் நாள்களிலும், முந்தின நாள் உப்பு அதிகம் சாப்பிட்டிருந்தாலும் ஒரு கிலோ கூடக் காட்டும். அது நீர்தான், பதற வேண்டாம். சாப்பிட்டதைச் சாப்பிட்ட உடனேயே எழுதிவிட வேண்டும். ராத்திரி மொத்தமாக யோசித்து எழுதினால் வடை மறந்துபோகும். எண்ணெய்க்குத் தனியாக ஒரு சின்ன ஸ்பூன் போட்டு வைத்தால், கண் மதிப்பில் ஊற்றுவதற்கும் அளந்து ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, வாயில் போட்டது அத்தனையையும் எழுதி மட்டும் பார்க்கலாம், நின்றுகொண்டு சாப்பிட்டதையும் சேர்த்து. அடுத்த வாரம் கூடும்போது யாராவது ஒருவர் முதலில் தன் நோட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். அதுதான் கொஞ்சம் கஷ்டம். குவீன்ஸில் அந்த வேலையை ஜீன் செய்தார்.